இருட்டில் ஒளிர்ந்தால் அசல் என்று நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், கடலில் மூழ்குபவர்களுக்காகச் செய்த பழைய டைவ் வாட்சுகளைச் சேகரிப்பவர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் ஓரத்தில் பெட்டி கட்டி, அசலைக் கண்டுபிடிக்க என்று மூன்று யோசனைகள் போட்டிருந்தீர்கள். இருட்டில் நன்றாக ஒளிர வேண்டும், டயல் பளிச்சென்று இருக்க வேண்டும், கையில் கனமாக இருக்க வேண்டும். மூன்றுமே தவறு. முதல் இரண்டும் தலைகீழான தவறு. அவற்றை நம்பி ஒருவர் வாட்ச் வாங்கினால் ஏமாறுவார். அதைவிடப் பெரிய கவலை, வீட்டில் நல்ல வாட்ச் வைத்திருப்பவர் அதைக் கெடுத்துக்கொள்வார்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் எனக்கு வாட்ச் ரிப்பேர் கடை. என் தகப்பனார் உட்கார்ந்து வேலை பார்த்த மேஜையில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டைவ் வாட்ச் சேகரிப்பது என் சொந்த ஆசை. உங்கள் கட்டுரை வந்த பிறகு, பீரோவில் கிடந்த வாட்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தாங்க." அதை மட்டும் செய்யாதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

நம்ம பக்கத்தில் இந்த வாட்சுகள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம், உவரி என்று பல ஊர்களிலிருந்து 1970களிலும் 80களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர்களும் உண்டு. வெளிநாட்டு வாட்ச் இங்கே கடையில் லேசில் கிடைக்காத காலம் அது. லீவில் வரும்போது கையில் ஒன்று கட்டிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் சீகோ ஃபைவ், சிட்டிசன். கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் கட்டி வந்தது சீகோவின் டைவ் வாட்ச். ஓரத்தில் திருகும் வளையம், நாலு மணிப் பக்கத்தில் சாவி, ஆமை ஓடு மாதிரி அகலமான உடம்பு. 6309-7040 என்பது அதன் மாடல் எண். 1976 முதல் 1988 வரை செய்தார்கள். அதற்கு அடுத்து வந்தது 7002. ரோலெக்ஸ் சப்மரைனரும் பிளாங்பான் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் 1953இல் தொடங்கி வைத்த வகையின் உழைப்பாளிப் பிள்ளைகள் என்று இவற்றைச் சொல்லலாம். அந்த ஸ்விஸ் வாட்சுகள் நம் ஊர் வீடுகளில் கிடைப்பது அபூர்வம். அதனால் சீகோவை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்த ஒளிரும் விஷயம். நாம் ரேடியம் என்று சொல்லும் பூச்சு பழைய வாட்சில் வெகுநேரம் ஒளிரக் கூடாது. 1960களின் தொடக்கம் வரை நிஜமாகவே ரேடியம் கலந்தார்கள். பிறகு பல ஸ்விஸ் கம்பெனிகள் ட்ரிட்டியம் என்ற, ரேடியத்தைவிட வலுக்குறைந்த கதிரியக்கப் பொருளுக்கு மாறி, டயலின் அடியில் 'டி' என்ற ஆங்கில எழுத்தையும் 25 என்ற எண்ணையும் அச்சடித்தார்கள். ட்ரிட்டியம் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1970இல் பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது. சீகோவின் பழைய பூச்சும் மங்கித்தான் போயிருக்கும். டார்ச் அடித்தால் கொஞ்ச நேரம் லேசாகத் தெரியும், அப்புறம் அடங்கிவிடும். ராத்திரி முழுக்கப் பச்சையாக ஒளிர்கிற பூச்சு 1990களில் வந்த புது ரகம். ஆகவே, '1975 மாடல், தொட்டதே இல்லை' என்று ஒருவர் கொண்டுவரும் வாட்ச் விளக்கை அணைத்ததும் பச்சையாகக் கண்ணைப் பறித்தால், டயலோ முள்ளோ இரண்டுமோ மாற்றப்பட்டவை, அல்லது மேலே புதுப் பூச்சு ஏறியிருக்கிறது.

பார்க்க வேண்டியது ஒளியை அல்ல, நிறத்தை. டயலில் உள்ள புள்ளிகளும் முள்களில் உள்ள பூச்சும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே வெயிலில் கிடந்தவை. அவை கிட்டத்தட்ட ஒன்றாகவே பழுத்திருக்க வேண்டும். புள்ளி பழுப்பாகவும் முள் வெள்ளை வெளேரென்றும் இருந்தால் முள் பிறகு வந்தது. ஈரம் ஏறியதால் ஒன்று கூடக்குறைய கறுத்திருக்கலாம், அது வேறு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் புரியும். ஈரத்தால் கறுத்தது திட்டுத் திட்டாக இருக்கும், ஒரு ஓரத்திலிருந்து பரவியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1950களின் ரேடியம் டயல் கையில் வந்தால் பின்மூடியை வீட்டில் திறக்காதீர்கள். ஒளி செத்துவிட்டது, அதனால் ஆபத்து இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒளிர்கிற ரசாயனம்தான் தேய்ந்திருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகும். அந்தப் பூச்சைச் சுரண்டினால் வரும் தூசு மூச்சில் போகக் கூடாது.

அடுத்தது எண்கள். சீகோவின் பின்மூடியில் மாடல் எண்ணும், தனியாக ஒரு வரிசை எண்ணும் இருக்கும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருஷம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அந்தந்த மாதத்தின் ஆங்கில முதலெழுத்து. வருஷத்தில் கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால் எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 6309இல் 7 என்று தொடங்கினால் 1977ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். 9 என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை, 1979தான். ஏனென்றால் 1989இல் அந்த மாடல் இல்லை.

டயலின் அடி ஓரத்தில், ஆறு மணிக்கு இரண்டு பக்கமும், லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அதுவும் 6309 என்று தொடங்க வேண்டும். உள்ளே மிஷினிலும் 6309ஏ என்று இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப் போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாதி என்று சொல்வதற்குக் காரணம், அதே 6309 மிஷினை சீகோ சாதாரண வாட்சுகளிலும் போட்டது. ஆகவே மிஷின் எண் சரியாக இருப்பது மட்டும் அத்தாட்சி ஆகாது.

போன மாதம் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஆன்லைனில் ஒருவரிடம் பெரிய தொகை கொடுத்து 6309 வாங்கியிருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. டயல் கறுப்பாக, அழகாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பின்மூடியில் 6309-7040, வரிசை எண் 2 என்று தொடங்குகிறது, அதாவது 1982. சரி. ஆனால் 6309 என்றால் கிழமையும் தேதியும் இரண்டும் தெரிய வேண்டும். இதில் தேதி மட்டும்தான் இருக்கிறது. லென்ஸ் வைத்தால் டயலின் அடியில் 7002. அந்த மாடல் 1988இல்தான் வந்தது. சாவியை ஒரு படி இழுத்து ஒரு பக்கம் திருப்பினால் தேதி மாறுகிறது. மறு பக்கம் திருப்பினால் உள்ளே ஏதோ கிளிக் கிளிக் என்று நகர்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. டயலுக்கு அடியில் கிழமைச் சக்கரம் ஒளிந்து கிடக்கிறது என்று அர்த்தம். திறந்து பார்த்தால் மிஷின் 7எஸ்26, 1996இல் வந்தது. 82இன் உடம்பு, 88க்குப் பிந்தைய டயல், 96க்குப் பிந்தைய மிஷின். எல்லாமே சீகோ பாகங்கள். விற்றவரைக் கேட்டால் 'ஒரிஜினல் சீகோ' என்று சத்தியம் செய்வார், அந்தச் சத்தியம் பொய்யும் இல்லை. ஆனால் அது எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் அப்படி வெளியே வந்த வாட்ச் இல்லை. அந்தத் தம்பியின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரை இரண்டையும் குழப்பிவிட்டது. போலி என்பது வேறு. அசல் பாகங்களால் ஒட்டுப்போட்ட வாட்ச் என்பது வேறு. முதலாவதை ஓரளவு பழகியவர் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஓமேகாவின் சொந்த மியூசியமே. பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023இல் ஓமேகா கம்பெனியே அறிவித்தது. அது டைவ் வாட்ச் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். காகிதம், சான்றிதழ், பெரிய இடத்துப் பெயர் இவற்றைவிடப் பின்மூடியைத் திறந்து பார்க்கிற கண்தான் முக்கியம்.

பம்பாய் டயல் என்று தொழிலில் சொல்வோம். பழைய டயலைச் சுரண்டிவிட்டு மேலே புதுப் பெயின்ட் அடித்து, அச்சுக் குத்திய டயல். ஆரஞ்சு, மயில் நீலம், ரத்தச் சிவப்பு என்று கம்பெனி செய்யாத நிறங்களில்கூட வரும். அடி எண் இருக்காது, அல்லது தப்பாக இருக்கும். எழுத்தின் ஓரம் லென்ஸில் பிசிறடித்துத் தெரியும். புள்ளிகள் ஒரு இடத்தில் மேடாகவும் ஒரு இடத்தில் பள்ளமாகவும் இருக்கும். ஃபாவ்ரெ-லூபாவில் இந்தத் தொல்லை அதிகம். நம் நாட்டில் நிறைய ஓடிய பெயர் அது. அந்தக் கம்பெனி நிஜமாகவே டைவ் வாட்ச் செய்தது. டீப் ப்ளூ உண்டு, ஆழத்தையே முள்ளால் காட்டுகிற 'பாத்தி' (Bathy) என்ற மாடல் உண்டு. ஆனால் இங்கே நூற்றுக்கணக்கில் கிடைக்கும் சீ சீஃப், சீ கிங் இரண்டும் தினமும் சாவி கொடுத்து அலுவலகத்துக்குக் கட்டிப் போகிற சாதாரண வாட்சுகள். பெயரில் கடல் இருக்கிறது என்பதற்காக அவற்றின் டயலில் 'டைவர்' என்று அச்சடித்து, ஒரு வளையத்தையும் மாட்டி விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

பாலிஷ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதிகம் நாசமாவது அதில்தான். 6309இன் உடம்பில் மேல்பக்கம் கோடு கோடாக உரசிய மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கும். பக்கவாட்டு வளைவு பளபளப்பாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பு. அந்த விளிம்பு இருக்கிறதா என்றுதான் சேகரிப்பவர் முதலில் பார்ப்பார். பஃப் சக்கரத்தில் இரண்டு நிமிஷம் வைத்தால் போதும், அது வழுவழுப்பாக உருண்டு போய்விடும். கோயில் சுவரைச் சுத்தம் செய்கிறேன் என்று மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டைத் தேய்த்தார்களே, அதே வேலைதான் இது. கீறல் போகும், கூடவே எல்லாம் போகும். போன உலோகம் திரும்பாது. கனம் என்று நீங்கள் எழுதியதும் ஒன்றுக்கும் உதவாது, இன்றைக்குப் போலியையும் நல்ல ஸ்டீலில்தான் செய்கிறார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா தன் மகனோடு வந்தார். மகன், "எங்க வாப்பா வாட்சு அண்ணாச்சி, தம்மாமில வாங்கினது. ஆரஞ்சு டயல் போட்டு நானே கட்டலாம்னு" என்றார். வளையத்தின் கறுப்பு வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. டயலின் புள்ளிகளும் முள்களும் ஒரே பழுப்பு. சாவியை இழுத்துத் திருப்பினால் கிழமை ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. வளைகுடாவில் விற்ற வாட்சுக்கு அது பொருத்தம். அந்தக் கிழமைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேறு போடச் சொல்கிறவர்களும் உண்டு, அரபி நமக்கெதற்கு என்று. அந்த அரபிதான் அந்த வாட்சின் பாஸ்போர்ட். பின்மூடியைத் துடைத்து எண்ணைப் பார்த்தேன். 9, அடுத்து நவம்பரின் 'என்'. 1979 நவம்பர். அதைச் சொன்னதும் அந்த அம்மா, "ஆமா, மூத்தவ பிறந்ததுக்கு அவங்க லீவுல வந்தது எம்பதுலதான்" என்றார். மகன் அதுவரை இதைக் கேட்டதே இல்லை. மிஷினைக் கழுவி எண்ணெய் விட்டேன், ரப்பர் வளையங்களை மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. ஆரஞ்சு டயல் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

கதை சொல்லி விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தூத்துக்குடியில் சங்கு குளித்தவர் கட்டியது', 'முத்துக் குளிப்பில் இறங்கிய வாட்ச்' என்று இப்போது விலை ஏற்றுகிறார்கள். நம் கடலில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. மூச்சை அடக்கி, கல்லையும் கயிற்றையும் நம்பி இறங்கியவர்கள் அவர்கள். சீகோவின் முதல் டைவ் வாட்ச் வந்ததே 1965இல். நிஜமாகவே உப்புத் தண்ணீரில் கிடந்த வாட்ச் தானே சொல்லிவிடும். பின்மூடியின் ரப்பர் உட்காரும் பள்ளத்தில் ஊசி குத்தின மாதிரி அரிப்பு இருக்கும், சாவி திருகும் குழாயைச் சுற்றி இருக்கும், பட்டை மாட்டும் கம்பியில் துரு ஏறியிருக்கும். இந்த மூன்று இடமும் சுத்தமாக இருந்து கதை மட்டும் கடலில் இறங்கியிருந்தால், கதைக்கு ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம். அதற்காக, கடலைப் பார்க்காத வாட்ச் மட்டம் என்று நினைக்கவும் கூடாது. பாலைவன வெயிலில் கட்டிட வேலையில் கட்டிய வாட்சும் வாழ்ந்த வாட்ச்தான்.

இன்னொன்று, அதில் 150 மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று நம்பிக் குற்றாலத்துக்கும் தாமிரபரணிக்கும் கட்டிப் போகாதீர்கள். அது வாட்ச் புதிதாக இருந்த அன்றைய கணக்கு. ரப்பர் காய்ந்திருக்கும், சாவியின் மரை தேய்ந்திருக்கும். ரப்பர் மாற்றி, அழுத்தச் சோதனை செய்த பிறகும் நான் என் பழைய வாட்ச் எதையும் தண்ணீரில் இறக்குவதில்லை. உள்ளே ஒரு சொட்டு போனால் நாற்பது வருஷம் தாங்கின டயல் ஒரே வாரத்தில் பூத்துவிடும்.

உங்கள் இணைப்பில் இந்தப் பொருளைப் பற்றி மறுபடி எழுதினால், விலையைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏலத்தில் லட்சக்கணக்கில் போனது என்று படித்தவுடன் வீட்டில் இருப்பதை மினுக்கி விற்கத்தான் தோன்றுகிறது. தெருத் தெருவாக வந்து, பழைய வாட்சை எடுத்துக்கொண்டு புது குவார்ட்ஸ் வாட்ச் கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் வயதானவர்கள் நல்ல சீகோக்களைக் கொடுத்துவிட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவை முழுசாக எங்கேயும் போவதில்லை, உடைத்துப் பாகமாகப் போகின்றன. களக்காட்டுத் தம்பிக்கு வந்தது போன்ற வாட்சுகளுக்குள் போய்ச் சேருகின்றன.

பழைய வாட்ச் உள்ளவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாங்கியவர் உயிரோடு இருந்தால் எந்த ஊரில், எந்த வருஷம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாட்சோடு வையுங்கள். பெட்டி, பில், கழற்றி வைத்த பழைய செயின் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் டயலையும் பின்மூடியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'சர்வீஸ் மட்டும், பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம்' என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கண்ணாடியோ முள்ளோ சாவியோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றலாம், ஆனால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர முடியாது என்கிற கடையில் வாட்சை விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
வாட்ச் பழுதுபார்க்கும் வாசகர்,
திருநெல்வேலி டவுன்